வீட்டுக்கு வயசு பார்க்காதீங்க... அப்பாவுக்குப் பாருங்க!

அப்பா ரிட்டயர் ஆகிற அன்றைக்கு ஆபீஸில் ஒரு ரோஜா மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். முப்பத்தைந்து வருஷம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடின மனுஷருக்கு, இனிமேல் டயமே பார்க்க வேண்டாம் என்கிற நாளில் கடிகாரம்! போகட்டும். அதற்கு அடுத்த மாதமே உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு கிளம்பும்.

"ஏண்டா, கோயமுத்தூர்ல ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே தனியா வீடு கட்டித் தர்றாங்களாமே... மூணு வேளை சாப்பாடு, ஆத்திர அவசரத்துக்கு நர்ஸு, பேச்சுத் துணைக்கு நாலு பேரு..."

"என்னது, முதியோர் இல்லத்துக்கா போகப் போறோம்?" - இது அம்மா. பின்னணியில் கரண்டி விழும் சத்தம்.

"இல்லம் வேற, இது வேற. நம்ம பேர்ல பத்திரம், நம்ம வீடு, நம்ம சாவி. சமையலும் ரிப்பேரும் மட்டும் அவங்க பாடு."

'சமையல் அவங்க பாடு' என்று கேட்டதும் அம்மா முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வருமே... அங்கே ஆரம்பிக்கிறது உங்கள் வேலை! லீவு போட்டு இடம் பார்ப்பதும், பேங்க்கில் விசாரிப்பதும், பத்திரத்தை வரி வரியாகப் படிப்பதும் மகன் தலையில்தான் விடியும்.

வடவள்ளி, தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம் ரோடு என்று சுற்றிப் பார்த்தால் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்று, வழவழ கலர் நோட்டீஸில் சிரிக்கிற புதுசு. கட்டிக் கொண்டிருக்கிறார்கள், 'இரண்டரை வருஷத்தில் சாவி' என்கிறார்கள். இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கட்டி, யாரோ குடியிருந்து, இப்போது கைமாறக் காத்திருக்கிற பழசு. எதை வாங்குவது?

முப்பது வயசில் உங்களுக்காக வாங்குகிற வீடு என்றால் 'புதுசு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் வயசை அல்ல. அதில் குடியிருக்கப் போகிறவரின் வயசை!

வட்டி வரும்... வயசு வருமா?

அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 56, இருவரும் தெம்பாக இருக்கிறார்கள், சொந்த வீட்டில் வாசம் என்றால் இரண்டரை வருஷம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. அதே அப்பாவுக்கு 72, போன வருஷம்தான் முட்டி ஆபரேஷன் என்றால்? அவருக்கு இரண்டரை வருஷம் என்பது சின்ன கணக்கே இல்லை. தெம்போடு அனுபவிக்க வேண்டிய காலத்தை 'பில்டிங் வேலை நடக்கிறது' என்ற போர்டைப் பார்த்தே கழிக்க வேண்டியிருக்கும்.

நோட்டீஸில் உள்ள தேதியை நம்பாதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் - எல்லோரும் 'ரெரா' என்று செல்லமாகக் கூப்பிடுவது - 2016-ல் வந்தது. அதன்படி பில்டர் தன் திட்டத்தைப் பதிவு செய்யும்போது, முடித்துத் தருகிற தேதியையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாடு ரெரா வெப்சைட்டில் அதைப் பார்க்கலாம். நோட்டீஸில் ஒரு தேதி, ரெராவில் ஒரு தேதி இருந்தால் ரெராவில் இருப்பதுதான் நிஜம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

சொன்ன தேதிக்குத் தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். வேண்டாம் என்றால் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பணத்துக்கு வட்டி கிடைக்கும். அப்பாவின் எழுபதாவது வயசு திரும்பக் கிடைக்குமா?

60 லட்சம் எங்கே போய் நிற்கும்?

சரி, பணக் கணக்குக்கு வருவோம். புதுசும் பழசும் ஒரே விலை, 60 லட்ச ரூபாய் ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் முழு விலையும் காட்டுகிறோம். (காட்டுங்கள் சார், உங்களுக்கு நல்லது!)

கட்டுமானத்தில் இருக்கும் புது ஃப்ளாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம் - 3 லட்சம். அடுத்து பதிவுச் செலவு. 2023 டிசம்பர் முதல், பில்டரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவிகிதம் - 4 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 67 லட்சத்து 20 ஆயிரம். சாவி வரும்வரை அப்பா, அம்மா வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்றால், மாதம் 15 ஆயிரம் வீதம் 30 மாதத்துக்கு 4 லட்சத்து 50 ஆயிரம். கூட்டினால் 71 லட்சத்து 70 ஆயிரம்!

பழைய ஃப்ளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் பதிவில் சலுகையும் கிடையாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம் - 5 லட்சத்து 40 ஆயிரம். பெயிண்ட், பாத்ரூம் ரிப்பேர், வயரிங் என்று ஒரு 4 லட்சம் போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் 69 லட்சத்து 40 ஆயிரம்.

ஆக, வாடகையில் இருப்பவருக்குப் பழசு லாபம். வாடகை கொடுக்காதவருக்குப் புதுசு லாபம். இதற்கு நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். புதுசாகக் கட்டி முடித்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கி, விற்காமல் நிற்கிற ஃப்ளாட். அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, பதிவிலும் சலுகை. 64 லட்சத்து 20 ஆயிரத்தோடு முடிகிறது. நோட்டீஸில் இவரைப் பெரிதாகப் போட மாட்டார்கள். வாய் திறந்து கேட்க வேண்டும்.

(தனி வீடு, வில்லா என்றால் பதிவுக் கணக்கு மாறும். பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கவனித்தீர்களா? எப்படிப் போட்டாலும் வித்தியாசம் சில லட்சங்கள்தான். சின்னத் தொகை இல்லை, வாஸ்தவம். ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியது அது இல்லை.

சாம்பார் பொய் சொல்லாது

முதியோர் குடியிருப்பில் நீங்கள் வாங்குவது நாலு சுவர் மட்டுமல்ல. சமையற்கட்டு, நர்ஸ், லிஃப்ட், ஆம்புலன்ஸ், எதிர்வீட்டுக்காரர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. புது இடத்தில் இவையெல்லாம் வாக்குறுதி. பழைய இடத்தில் கண்ணெதிரே இருக்கிற சமாசாரம்.

நூறு வீட்டில் இருபது வீட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கிறது என்றால், இருபது குடும்பத்துக்காக ஒரு சமையல்காரர், இரண்டு நர்ஸ், ஒரு டிரைவர் என்று யார் சம்பளம் கொடுப்பார்கள்? 'ஆள் வரட்டும் சார், ஆரம்பிச்சிடலாம்' என்பார்கள். அதுவரை அம்மா கையில் மறுபடியும் கரண்டி!

பழைய இடத்தில் இந்தக் கவலை இல்லை. அங்கே ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருப்பார். கொங்குத் தமிழில் அவர் தருகிற யோசனை எந்த ஆலோசகரும் தராதது.

"ஏனுங்க தம்பி, ஊடு பாக்க வந்தீங்களா? மொதல்ல ஒரு வேள மெஸ்சுல சாப்புட்டுப் பாருங்க. ஊடு எங்க போயிரப் போவுது?"

அதுதான் சரி. பல இடங்களில் விருந்தினர் அறை உண்டு. அப்பா, அம்மாவை ஒரு வாரம் தங்க வையுங்கள். நீங்கள் போனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். சாதாரண நாளில் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். வேலையாட்கள் லீவில் இருக்கும் நாளில்தான் வண்டவாளம் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு அவசர மணியை அழுத்தினால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வருகிறார் என்று, மேனேஜரிடம் சொல்லிவிட்டே சோதித்துப் பாருங்கள்.

புது இடம்தான் என்று முடிவு செய்தால், எந்தச் சேவை, எந்தத் தேதியிலிருந்து, என்ன கட்டணத்தில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால வீடுகளுக்கென்றே மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதை ஒரு முறை படித்துவிட்டுப் பில்டர் முன்னால் உட்காருங்கள். மரியாதையே தனி!

"அந்த வீட்ல யாரோ போயிட்டாங்களாமே..."

பழைய வீடு என்றால் அம்மா கேட்கும் முதல் கேள்வி இது. சிரிக்காதீர்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு ஏன் விற்பனைக்கு வருகிறது? தம்பதியில் ஒருவர் காலமாகி, மற்றவர் பிள்ளையோடு போயிருக்கலாம். இருவருமே இல்லாமல் போயிருக்கலாம். படுத்த படுக்கையாகி, முழுநேரக் கவனிப்பு கிடைக்கிற இடத்துக்கு மாறியிருக்கலாம். இதெல்லாம் இயற்கை. நாலாவதாக ஒரு காரணம் உண்டு: அந்த இடமே பிடிக்காமல் கிளம்பியிருக்கலாம். நீங்கள் துப்பறிய வேண்டியது இந்த நாலாவதைத்தான். ஒரே வளாகத்தில் ஒரே சமயத்தில் பத்து வீடு விலைக்கு வந்திருக்கிறது என்றால் சங்கர்லாலாக மாறிவிடுங்கள்!

படுக்கையில் விழுந்தவரை அங்கேயே வைத்துப் பார்க்கிறார்களா, அல்லது 'வேற இடம் பாத்துக்குங்க' என்கிறார்களா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். பழைய இடத்தில் இதற்குப் பதில் ஏற்கெனவே நடந்த விஷயமாக இருக்கும். எதிர்வீட்டு மாமியே சொல்லிவிடுவார்.

வீட்டுக்குள்ளே போகும்போது கையில் டேப் வேண்டும். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய வாசல் 90 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். ஹால் வாசலை விடுங்கள், பாத்ரூம் வாசலை அளந்து பாருங்கள். சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வாட்டத்தில் நுழையுமா? பாத்ரூமில் கைப்பிடி இல்லை என்றால் மாட்டிக்கொள்ளலாம். வாசலே குறுகல் என்றால் எல்லாச் சுவரையும் இடிக்க முடியாது. புது வீட்டில் இதையெல்லாம் பூசும்போதே சொல்லிச் செய்ய வைக்கலாம். கட்டடத்தில் குறை இருந்தால் சாவி வாங்கி ஐந்து வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்து தருவது பில்டர் பொறுப்பு. புதுசுக்கு உள்ள பெரிய பலம் இதுதான்.

விற்பவர் எந்த நாட்டில் இருக்கிறார்?

பழைய வீட்டை உங்களுக்கு விற்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. நியூஜெர்சியிலோ சிட்னியிலோ இருப்பார். வாட்ஸப்பில் தங்கமாகப் பேசுவார். இங்கேதான் ஜாக்கிரதை.

வாரிசு விஷயம் முதலில். உயில் இல்லாமல் அப்பா காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா - எல்லோருக்கும் பங்கு. 'அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா சார்' என்பது பத்திரம் ஆகாது. அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை வெப்சைட்டிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது பவர் பத்திரம். வெளிநாட்டில் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று வந்தால், இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவர் கொடுத்தவர் பதிவு நாளில் உயிரோடு இருக்க வேண்டும். அவர் போய்விட்டால் பவரும் போய்விடும்.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிறவர் 1 சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் இந்த 1 சதவிகிதம் செல்லாது. 50 லட்ச வரம்பும் கிடையாது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன லாபத்துக்கு 12.5 சதவிகிதம், அதன் மேல் செஸ், விலை பெரிதென்றால் சர்சார்ஜும் உண்டு. குறைத்துப் பிடிக்கலாம் என்று வருமான வரி ஆபீஸில் விற்பவர் சான்றிதழ் வாங்கி வந்தால் அதன்படி செய்யலாம். ஒன்றும் பிடிக்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டால்? அவர் சிட்னியில் காபி குடித்துக்கொண்டிருப்பார். நோட்டீஸ் வருவது உங்கள் அப்பா பெயருக்கு!

ஆடிட்டர் ஃபீஸில் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

மாசா மாசம் ஒரு பில்

மொத்தப் பணத்தையும் வீட்டில் கொட்டிவிடாதீர்கள். சாப்பாடு, பராமரிப்பு இரண்டுக்குமாக மாதம் 18 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 8 சதவிகிதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் அது 36 ஆயிரம். அப்பாவின் பென்ஷன் அப்படி ஏறுமா? கவர்மென்ட் பென்ஷனுக்காவது பஞ்சப்படி உண்டு. பி.எஃப். பென்ஷனில் அந்தப் பேச்சே இல்லை. குறைந்தபட்ச பி.எஃப். பென்ஷனை 2014-ல் 1000 ரூபாய் என்று வைத்தார்களே, அதைக் கொண்டு மெஸ்ஸில் எத்தனை நாள் சாப்பிட முடியும்?

சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவிகித வட்டி என்றால் மாதத்துக்கு 20,500 ரூபாய் கணக்காகிறது. இன்றைக்குப் பில் கட்டப் போதும், ஒன்பதாம் வருஷம் போதாது. ஆகவே பழசோ புதுசோ, வீட்டுக்குக் கொடுத்ததுபோக பில் கட்ட எவ்வளவு கையில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய பால்கனியைவிட அது முக்கியம். பழைய இடத்தில் ஒரு வசதி: கடந்த ஐந்து வருஷத்து பில்லை வாங்கிப் பார்த்தால் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். புதுசில் பழைய பில்லே கிடையாது!

நாளைக்கு விற்பவர் நீங்கள்

அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் 'சன் சிட்டி' என்று ஓர் ஊர். டெல் வெப் என்ற கான்ட்ராக்டர், ரிட்டயர் ஆனவர்களுக்கென்றே கட்டி, 1960 ஜனவரி 1-ந் தேதி திறந்தார். மாதிரி வீடுகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஊர் நிரம்பிப்போய், 1978-ல் பக்கத்திலேயே 'சன் சிட்டி வெஸ்ட்' ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அந்த முதல் சன் சிட்டியில் கைமாறுவதெல்லாம் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்த வீடுதான்.

எல்லா முதியோர் குடியிருப்பின் கதையும் இதுதான். இன்றைக்குப் புதுசாக வாங்குகிற வீடும் ஒரு நாள் பழசாகக் கைமாறும். அன்றைக்கு விற்கப் போவது நீங்கள். உங்களுக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு என்றால், 55-க்கு மேற்பட்டவர்கள்தான் குடியிருக்கலாம் என்கிற வளாகத்தில் நீங்களே போய் இருக்க முடியாது. விற்க வேண்டும், அல்லது ஒரு பெரியவருக்கு வாடகைக்கு விட வேண்டும். வாங்க வருகிற கூட்டமும் சின்னது. ஆகவே வாங்கும்போதே விற்கிற விதியையும் படியுங்கள்.

கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்:

* வீடு நம் பெயருக்குக் கிரயமா, அல்லது டெபாசிட் கட்டி வாழ்நாள் வரை இருக்கும் உரிமையா?
* திரும்ப விற்றால் பில்டருக்கோ சங்கத்துக்கோ கட்டணம் உண்டா? முதலில் அவர்களிடம்தான் விற்க வேண்டுமா?
* பழைய வீட்டுக்காரர் கட்டிய மூலநிதி வீட்டோடு வருமா, நாம் மறுபடி கட்ட வேண்டுமா? பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கத்தின் கடிதம் உண்டா?
* ஒருவர் காலமானால், 55 வயசு ஆகாத துணைவர் தொடர்ந்து குடியிருக்கலாமா?
* வீடு காலியாகக் கிடந்தாலும் மாதக் கட்டணம் முழுசாகக் கட்ட வேண்டுமா?

கடைசிக் கேள்வியை அவர்களிடம் கேட்காதீர்கள். அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். "ரெண்டு பேரும் இங்க சந்தோஷமா இருப்பீங்களா?" என்று. அவர்கள் 'உனக்குச் சரின்னா சரிப்பா' என்று சொன்னால், அது சம்மதம் இல்லை. எக்ஸெல் ஷீட்டை மூடி வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பேசிப் பாருங்கள்.